தொட்டிக்குள் இருந்த கோடை

கோடைச் சூட்டைக் குளிர்காலத்துக்குச் சேமிக்கும் அந்தக் குடியிருப்பின் வெப்பத் தொட்டிக்கு, சூடு கசியாதிருக்க நான்காவது காப்பைப் போட்டபின், குளிர்காலத்தில் குழாய்வழி வீடுகளுக்கு வந்த சூட்டோடு, அது சேமிக்கப்பட்ட கோடை நாளும் சேர்ந்தே வந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்க, உள்ளே சுவரில் மஞ்சள் வெயில் ஏறி இறங்கியது. ஈ மொய்த்தது. ஆட்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் அன்று பேசிய பேச்சு கேட்டது, அன்று உட்கார்ந்த நாற்காலி சூடாக இருந்தது. தொட்டியில் கடைசியாகச் சேர்ந்த சூடு மேலே நிற்கும், முதலில் வெளியேறுவதும் அதுதான். அதனால் நாட்கள் பின்னோக்கி வந்தன. ஆனால் ஒவ்வொரு நாளும் காலையில் தொடங்கி மாலையில் முடிந்தது. ஜனங்கள் இரண்டு வாரம் வியந்தார்கள். பிறகு அந்த வெயிலில் துணி காயப்போட்டார்கள்.

அதற்கு முன் போட்ட காப்பு எதுவும் உருப்படவில்லை. கண்ணாடிப் பஞ்சு நிலத்து ஈரத்தைக் குடித்து நனைந்து, பாதிக் குளிர்காலத்திலேயே குழாய்கள் சில்லிட்டன. அடுத்து வைக்கோல் கட்டுகளை அடுக்கினார்கள்; அந்த வருடம் குடியிருப்பில் கதகதப்பாக இருந்தவை எலிகள் மட்டுமே. நுரைப்பலகை வெந்நீரின் சூட்டில் உருகி ஊரையே நாற அடித்தது. கடைசியில் இரட்டை இரும்புச் சுவர் எழுப்பி, இடையில் பெர்லைட் தூளைக் கொட்டினார்கள். பாறையைப் பொரித்துப் பொரியாக்கியது போன்ற வெள்ளைத் தூள் அது. பிறகு பம்பு வைத்து அந்த இடைவெளியின் காற்றை உறிஞ்சி எடுத்தார்கள். கோடை முழுக்கச் சூரியத் தகடுகள் நீரைக் காய்ச்ச, சேர்ந்த சூடு துளியும் கசியவில்லை. சூட்டோடு சேர்ந்த மற்றதும் கசியவில்லை.

நான்கு காப்புகளையும் போட்டவன் ஒரே ஆள். முதல் வருடம் தலையெல்லாம் கண்ணாடிப் பஞ்சோடு திரிந்ததால் எல்லோரும் அவனைப் பஞ்சு என்றே கூப்பிட்டார்கள். அவன் மனைவியும் அப்படித்தான் கூப்பிட்டாள். சாயங்காலம் அவன் கையை மடியில் வைத்துக்கொண்டு, தோலில் குத்தி நிற்கும் இழைகளை ஒட்டுநாடாவால் ஒற்றி எடுப்பாள். அவள் இதயத்தில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருந்தது. நான்காவது காப்பு போட்ட கோடையின் நடுவில் ஒரு நாள், அவன் தொட்டியடியில் பம்பைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, வீட்டில் தனியாகப் படுத்தவள் எழுந்திருக்கவில்லை. தூக்கத்திலேயே போயிருப்பாள் என்றார் டாக்டர். பஞ்சு தலையாட்டினான். கூப்பிட்டிருப்பாளோ என்ற ஒன்று மட்டும் அவனுக்குள் கிடந்தது. சாவுக்கு வந்த மாமியார் திரும்பிப் போகவில்லை. இருவரும் அதிகம் பேசிக்கொள்ளாமல் ஒரே வீட்டில் இருந்தார்கள்.

குளிர்காலம் பாதி கடந்தபோது கூட்டம் போட்டார்கள். எதிர்வீட்டுத் தையல்காரிதான் ஆரம்பித்தாள். "ஒரு தடவை கேட்டதுக்கே புருஷனை வெளிய துரத்தியாச்சு. போன்ல எவளையோ அவன் கொஞ்சுனதை மறுபடி உக்காந்து கேக்கணும்னு எனக்கென்ன தலையெழுத்தா?" என்றாள். "நீ காதைப் பொத்திக்க, நாங்க கேக்கறோம்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. சிரிப்பு அடங்கியதும் குடியிருப்புச் செயலாளர் வழியைச் சொன்னார். தொட்டிச் சுவரில் ஒரு வால்வு இருந்தது. அதைத் திறந்து கொஞ்சம் காற்றை உள்ளே விட்டால் காப்பு பாதியாகக் குறையும், நாட்கள் கசிந்துவிடும், வெறும் சூடு மட்டும் வரும். சம்மதிப்பவர்கள் கை தூக்கச் சொன்னார். முதலில் கை தூக்கியவன் பஞ்சு. அவள் இறந்த நாள் வர இன்னும் கொஞ்ச நாளே இருந்தது.

மறுநாள் காலை அவன் வால்வுச் சாவியை எடுத்தபோது மாமியார் வாசலில் நின்றாள்.

"அந்த ஒரு நாளைத் தாண்டிட்டா, அந்தப் பக்கம் அவ இருக்கா மாப்பிள்ளை."

"தாண்டணுமே அத்தை."

"தாண்டுவோம்."

"கூப்பிட்டிருந்தா?" அவன் சாவியைப் பார்த்துக்கொண்டே கேட்டான். "அதைக் கேட்டுட்டு நான் என்ன பண்றது?"

"அன்னிக்கு நான் ஊர்ல இருந்தேன். நீங்க தொட்டிகிட்ட இருந்தீங்க. எம்பொண்ணு கூட யாருமே இல்ல." மாமியார் குரலை உயர்த்தவில்லை. "இந்தத் தடவையாவது கூட இருக்கலாமில்ல?"

அவன் தொட்டிக்குப் போனான். தொட்டியின் வெளிச்சுவர்மேல் பனி உருகாமல் படிந்திருந்தது. உள்ளே ஒரு கோடை கொதித்துக்கொண்டிருக்க, வெளியே கை வைத்தால் விரல் மரத்தது. அவ்வளவு நல்ல வேலையை அவன் வாழ்நாளில் செய்ததில்லை. சாவியை வால்வில் மாட்டிவிட்டு நெடுநேரம் நின்றான். பிறகு கழற்றிக்கொண்டு செயலாளர் வீட்டுக்குப் போய், வால்வு திரும்பவில்லை என்றான்.

செயலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "துருப்பிடிச்சிருக்கும்."

"ஆமா சார்."

"புது வால்வுல துருவா!" என்றவர் கதவை மூடப்போய் நிறுத்தினார். "எங்க வீட்டு நாயும் அந்த மாசம்தான் தம்பி செத்துது. வரட்டும், பாத்துக்கலாம்."

அந்த நாள் வந்தபோது பஞ்சு வேலைக்குப் போகவில்லை. காலையில் அவள் பாத்திரம் கழுவுவது கேட்டது. அப்புறம் துணி மடித்தாள். யாரும் கேட்கவில்லை என்ற நினைப்பில் ஏதோ முணுமுணுத்துப் பாடினாள். பாட்டின் நடுவே அடி மறந்து முதலிலிருந்து தொடங்கினாள். மதியம் மெத்தையில் ஒரு பள்ளம் விழுந்தது. மாமியார் காலடியில் உட்கார, அவன் தலைமாட்டில் உட்கார்ந்தான். வெயில் சுவரைக் கடந்துகொண்டிருந்தபோது, "பஞ்சு" என்றாள். சத்தமாக இல்லை, வலித்தவள் சொல்வது போலவும் இல்லை. பக்கத்து அறையில் இருப்பவனைத் தூக்கக் கலக்கத்தில் கூப்பிடுவது போல ஒரே ஒரு தடவை. "இங்கதான் இருக்கேன்" என்றான் அவன். பள்ளத்தின்மேல் உள்ளங்கையை வைத்தான். அவளிடமிருந்த சூடு எந்த அவசரமும் இல்லாமல் இறங்கியது. முழுக்க இறங்கும்வரை அவன் கையை எடுக்கவில்லை. மாமியார் அழுதாள். பிறகு இருவரும் சாப்பிட்டார்கள்.

மறுநாள் காலை, அவள் இறந்ததற்கு முந்தைய நாள் வந்தது. பஞ்சு செருப்பை மாட்டிக்கொண்டிருந்தபோது சமையலறையிலிருந்து அவள் குரல் கேட்டது. "வெயில் மண்டையைப் பொளக்குது, தண்ணி பாட்டிலை விட்டுட்டுப் போகாதே." வெளியே முழங்கால் அளவு பனி கிடந்தது. அவன் திரும்பி வந்து பாட்டிலை நிரப்பிப் பையில் வைத்துக்கொண்டு, போயிட்டு வரேன் என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனான்.