பசி கேட்ட சிகரெட்

காலையிலிருந்தே புகைவண்டிக்கு இருப்புக் கொள்ளவில்லை. லிஃப்ட் மெக்கானிக்குக்கு இப்படியும் ஒரு பெயரா என்று கேட்காதீர்கள். ஊதித் தள்ளிய சிகரெட்டுக்காக உடன் வேலை செய்பவர்கள் வைத்த பெயர். மனுஷன் சிகரெட்டை விட்டு வாரக்கணக்காகிறது. பாவிகள் பெயரை மட்டும் விடமாட்டேன் என்கிறார்கள்.

ஞானம் பிறந்து ஒன்றும் விடவில்லை. அக்காவுக்கு இரண்டு கிட்னியும் கைவிட்டுவிட்டன. வீட்டில் பொருந்துவது இவனுடையது ஒன்றுதான். "சிகரெட் பிடிக்கிறவர்கிட்ட கிட்னி எடுக்க மாட்டேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் ஒரு மெஷின்ல ஊதச் சொல்லிப் பாப்போம். மூச்சுல புகை தெரிஞ்சா தேதி தள்ளிப்போகும்" என்று டாக்டர் கறாராகச் சொல்லியிருந்தார். நாளைக்குக் காலையில் ஊத வேண்டும். அக்கா இருக்கிற இருப்புக்கு இனி ஒரு தேதியைத் தள்ளிப்போட முடியுமா?

மொட்டை மாடி மோட்டார் அறையில் பிரேக்கைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தான். இவர்கள் தொழிலில் ஒரு வழக்கம். லிஃப்ட் ஓடாமல் சாப்பாட்டு டப்பாவைத் திறக்க மாட்டார்கள். மாடி ஏறி மூச்சு வாங்குகிறவர்கள் ஆளுக்கொரு திட்டு திட்டிவிட்டுப் போகும்போது எவனுக்குச் சோறு இறங்கும்? சிகரெட்டுக்கு அந்தத் தடையெல்லாம் கிடையாது. ஸ்பேனரை ஒரு கையில் பிடித்தபடியே ஊதலாம். மத்தியானம் வயிறு கத்தும், ஒன்றைப் பற்றவைப்பான், வயிறு வாயை மூடிக்கொள்ளும். இத்தனை வருஷமும் இப்படியே ஓட்டிவிட்டான்.

இன்றைக்கு லிஃப்ட் சீக்கிரமே ஓடத் தொடங்கிவிட்டது. ஆனாலும் டப்பாவைத் திறக்கவில்லை. இன்று அக்காவுக்கு டயாலிசிஸ் நாள். தாகத்துக்குத் தண்ணீர்கூட அளந்துதான் குடிக்கிறாள். உயிரையே விடுவாளே அந்த வாழைப்பழத்துக்கு, அதைத் தொடவே கூடாதாம். அவள் அங்கே ஊசியோடு கிடக்க, இவன் இங்கே மூக்குப்பிடிக்கச் சாப்பிடுவதா? அவளுடைய டயாலிசிஸ் நாளில் அவள் வீடு திரும்பும்வரை இவன் வாயில் எதையும் போடுவதில்லை. யாரிடமும் சொன்னதும் இல்லை.

உச்சி வெயில் ஏற ஏறக் கை நடுங்கியது. சாமான்களைத் துடைத்து எடுத்து வைக்கும்போது ஸ்பேனர் இரண்டு தடவை நழுவியது. சும்மா எட்டிப் பார்த்த குடித்தனக்காரர் மேல் எரிந்து விழுந்தான். தலைக்குள் ஒரே நினைப்பு: ஒண்ணு, ஒரே ஒண்ணு. பசியா என்று கேட்டிருந்தால் இல்லவே இல்லை என்று சத்தியம் செய்திருப்பான். தடதடவென்று இறங்கி வாட்ச்மேனிடம் போய் நின்றான்.

"அண்ணே, ஒண்ணு குடுண்ணே."

"விட்டுட்டேன்னு ஊரெல்லாம் தம்பட்டம் அடிச்ச?"

"குடுண்ணே, உயிர் போகுது!"

வாயில் வைத்துத் தீக்குச்சியைக் கிழித்தும்விட்டான். அப்போது போன் அடித்தது. அக்கா.

"சாப்பிட்டியாடா?"

"ஆச்சுக்கா."

"சாப்பாட்டு ஆலோசனை சொல்ற மேடம் உன்னையும் பாக்கணுமாம். உடனே கிளம்பி வா."

குச்சி விரலைச் சுட்டது. ஐயோ என்று உதறினான். சிகரெட்டைச் சட்டைப் பையில் செருகிக்கொண்டு, டப்பா இருந்த பையோடு ஓடினான்.

ஆஸ்பத்திரியில் டயாலிசிஸ் முடிந்து, கையில் பிளாஸ்திரியோடு அக்கா அந்த மேடத்தின் அறையில் வெளுத்துப்போய் உட்கார்ந்திருந்தாள்.

"சிகரெட் ஆசை எப்போ ரொம்பப் படுத்துது?" என்று கேட்டார் மேடம்.

"மத்தியானம் மேடம். அதுவும் அக்கா இங்க வர்ற நாள்ல தாங்கவே முடியறதில்ல."

"இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

அவன் தரையைப் பார்த்தான். அக்கா அவனைப் பார்த்தாள். அவளுக்குச் சட்டென்று எல்லாம் விளங்கிவிட்டது.

"அடப்பாவி! நான் வர்ற நாளெல்லாம் பட்டினியா?"

"இருங்கம்மா" என்ற மேடம் அவன் பக்கம் திரும்பினார். "வயிறு காலியா இருந்தா கிரெலின்னு ஒரு ஹார்மோன் கூடும். மூளைக்குப் போய் 'பசிக்குது'ன்னு சொல்றது அதுதான். அது போய்க் கதவைத் தட்டுற இடத்துக்குப் பக்கத்துலயேதான் சிகரெட் ஆசையும் குடியிருக்கு. அந்த ஹார்மோன் அதிகமா இருக்கறவங்க, விட்ட சிகரெட்டை மறுபடி தொட வாய்ப்பு அதிகம்னு சில ஆராய்ச்சி சொல்லுது. 'போதும்'னு சொல்ற ஹார்மோனுக்கும் இதுல பங்கு இருக்கு. எல்லாம் இன்னும் முழுசாப் பிடிபடல. ஆனா நீங்க பசிச்சப்பல்லாம் சிகரெட்டைக் குடுத்தே வயித்தைப் பழக்கிட்டீங்க. இப்போ பசி வந்தாலும் அது சிகரெட்டைத்தான் கேக்கும்."

"அப்போ நான் அவளுக்காக இருந்த பட்டினியேதான் சிகரெட்டைக் கேட்டுதா மேடம்?"

"சட்டைப் பையில இருக்கறத எடு" என்றாள் அக்கா. அந்தச் சட்டையைத் தைத்ததே அவள்தான். தையல்காரி கண்ணுக்குப் பை புடைத்திருப்பது தப்புமா? அவன் நீட்டினான். வாங்கிப் பொடிப்பொடியாகக் கசக்கிக் குப்பைத்தொட்டியில் போட்டாள். பிறகு அவன் கைப்பையைப் பிடுங்கி டப்பாவைத் திறந்தாள். ரொட்டி, அவித்த முட்டை, ஒரு வாழைப்பழம்.

"நீ வாயைக் கட்டிக்கிட்டு இருக்கும்போது எனக்கு எப்படிக்கா எறங்கும்?"

அக்கா ரொட்டியைப் பிய்த்து அவன் கையில் திணித்தாள். அவன் ரொட்டியையும் முட்டையையும் முழுங்கும்வரை காத்திருந்தாள். பழத்தைத் தானே உரித்து அவன் கையில் கொடுத்தாள். கண்ணீரும் பழமுமாக அவன் மென்றான். விரல் இன்னமும் சிகரெட்டைத் தேடத்தான் செய்தது. நடுக்கம் மட்டும் நின்றிருந்தது.

உரித்த தோல் அக்கா கையிலேயே இருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி ஒருமுறை மோந்து பார்த்தாள். அதைப் பார்த்ததும் அவனுக்கு வாயில் இருந்தது இறங்காமல் நின்றது.

"என்ன நிறுத்திட்ட? முழுங்கு" என்றாள் அக்கா. "என் கிட்னியைப் பட்டினி போட நீ யாருடா?"