கற்பூரம் கண்ட கணினிகள்

வெள்ளிக்கிழமை காலையில் தோட்டத் தலைவர் கறுப்பையா கணினிகளுக்குக் கற்பூரம் காட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பிறகு சிவப்புத் துணியால் அவற்றைப் போர்த்தி, கணினி நிலையத்து அறையைப் பூட்டி, திறப்பை இடுப்பில் செருகிக்கொண்டார்.

கண்டிப் பக்கம் தெல்தெனியவுக்கு மேலே இருக்கும் அந்தத் தேயிலைத் தோட்டத்துக்கு அதிவேக இணையம் வந்து ஒன்றரை வருடம் ஆகிறது. திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் நாடா வெட்டினார்கள், படம் எடுத்தார்கள், வடை தின்றார்கள். கணினிகளுக்குச் சந்தனப் பொட்டும் வைத்தார்கள். அதன் பிறகு அவற்றுக்கு வெள்ளிக்கிழமைப் பூசை மட்டும்தான். லய வீடுகளில் குடியிருக்கும் தொழிலாளிச் சனங்கள் எட்டிப் பார்த்தால் கறுப்பையா விரட்டுவார்.

"கொழுந்துச் சாயம் புடிச்ச கைய வச்சுக் கெடுத்துராதீங்க. சண்டைக் காலம் வேற. நெட்டுல எதையாவது தட்டுனா புலின்னு புடிச்சிட்டுப் போயிருவானுங்க."

சனங்கள் நம்பினார்கள். பயந்து கிடப்பவர்களை நம்ப வைப்பதற்குப் பெரிய கெட்டித்தனம் தேவையில்லை. ஐந்து கணினிகளில் ஒன்று மட்டும் கறுப்பையாவின் வீட்டில் இருந்தது. இணையக் கம்பியும் பின் ஜன்னல் வழியாக அங்கேதான் போனது. அதில் அவருடைய மருமகன் இந்தியப் படம் பார்ப்பான். அவனை மட்டும் ஏனோ யாரும் புலி என்று பிடிக்கவில்லை.

அன்று கண்டியிலிருந்து திட்ட அதிகாரி விவேகானந்தன் வந்திருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். குண்டசாலையில் வாடகை வீடு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை தோட்டத்துக்கு வருவார். நிலையத்தை எட்டிப் பார்ப்பதில்லை. கறுப்பையாவின் வீட்டுக் கதிரையில் அமர்ந்து, தேநீர் குடித்து, 'நிலையம் நன்றாக இயங்குகிறது. மாதம் நூற்றிருபது பேர் பயன்படுத்துகிறார்கள்' என்ற படிவத்தில் கையெழுத்து வைப்பார். பொய் என்று அவருக்குத் தெரியும். தமிழன், அரசாங்க உத்தியோகம், காலம் சரியில்லை, நமக்கேன் வம்பு என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொள்வார். அப்படிச் சமாதானம் சொல்லிக்கொண்டே பென்சன் வரைக்கும் போய்ச் சேர்ந்தவர்கள் நம்மில் ஏராளம்.

அன்றும் அவர் பேனாவைத் திறந்த நேரத்தில் கொழுந்தெடுக்கும் அங்கம்மா நனைந்தபடி அந்த வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் பத்திரம் சுற்றிய ஒரு பொலித்தீன் பை.

"ஐயா, எம் மகன் ராஜரத்தினத்த முந்தாநாள் கொழும்புல ரவுண்டப்புல வளைச்சுப் புடிச்சிட்டாங்க. அடையாள அட்டை தொலைஞ்சு போச்சு. ரெண்டு மணிக்குக் கோட்டுல போடுறாங்களாம். இந்தத் தோட்டத்துல பொறந்தவன்னு காட்ட பொறப்புப் பத்திரத்தக் கம்ப்யூட்டர்ல அனுப்பச் சொல்லி லோயரம்மா போன் பண்ணி விலாசமும் குடுத்தாங்க. இல்லாட்டி தடுப்பு முகாமுக்கு அனுப்பிருவாங்களாம். அப்பறம் எப்ப விடுவாங்கன்னே தெரியாதாம்."

மணி பதினொன்று. தெல்தெனியவில் ஃபேக்ஸ் கடை இருக்கிறது. ஆனால் அதிகாரி வந்து சேர்ந்த பிறகு மண்சரிந்து பாதை அடைபட்டுவிட்டது. பொலிஸார் நடந்து போகிறவர்களையும் விடவில்லை.

"போலீஸ் கேஸெல்லாம் நம்ம லைன்ல அனுப்ப முடியாது," என்றார் கறுப்பையா. "நாளைக்கு என்னைய வந்து கேப்பான். போயிட்டு வா."

கைது செய்யப்பட்ட ஒருவனின் விஷயத்தில் தன் பெயர் அடிபடக் கூடாது என்பதே விவேகானந்தனின் கவலை. தலையைக் குனிந்து படிவத்தோடு இணைத்த பெயர்ப் பட்டியலைப் புரட்டினார்.

அங்கம்மா போகவில்லை. "அது என்னங்கய்யா லிஸ்ட்டு?"

"இங்க வந்து கம்ப்யூட்டர் பாவிச்ச ஆக்களின்ர பேர்," என்றார் அதிகாரி.

"யாருங்க வந்தா? ஒருத்தரையும் உள்ள விட்டதில்லையே."

அதிகாரியின் விரல் ஓரிடத்தில் நின்றது. பதினான்காவது பெயர் அங்கம்மா. பதினைந்தாவது பெயர் ராஜரத்தினம். இந்த மாதம் பன்னிரண்டாம் திகதி வந்து இரண்டு மணி நேரம் இணையம் பார்த்திருக்கிறான். கறுப்பையா வாக்காளர் பெயர் இடாப்பைப் பார்த்து அப்படியே எழுதி வைத்திருந்தார்.

"உம்மட மகன் எப்ப கொழும்புக்குப் போனவர்?"

"ரெண்டு வருசமாச்சுங்க. தீவாளிக்குக்கூட வரல."

அதிகாரிக்கு மனம் திருந்திவிட்டது என்று எழுத எனக்கு ஆசைதான். உண்மையில் முதலில் வந்தது பயம். விசாரணையில் இருக்கும் ஒருவன் போன வாரம் இங்கே இணையம் பார்த்தான் என்று அவர் கையெழுத்து வைக்க இருந்தார். அந்தத் தாள் பொலிஸிடம் போனால் அந்தப் பையன் கதி என்ன, தன் கதி என்ன? இதுவரை வைத்த ஐந்து கையெழுத்துகளும் நினைவுக்கு வந்தன. அதன் பிறகே வாசலில் நடுங்கி நின்ற தாயை அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்போது வந்தது வெட்கம்.

"தலைவர், நிலையக் கதவைத் திறவும். ஸ்கேனரை எடுத்து வாரும்."

"ஐயா, நமக்கெதுக்கு..."

"இந்த லிஸ்ட்டை நீர் எழுதினதெண்டு நான் பொலிஸுக்கு எழுதிக் குடுக்கட்டே?"

கறுப்பையா எழுந்து ஓடினார். ஸ்கேனர் இன்னும் பெட்டியைவிட்டு வெளியே வராமல், பெட்டியின் மேல் குங்குமப் பொட்டோடு, நிலையத்தில் வைத்திருந்த திருவிழா அண்டாவுக்குள் கிடந்தது. வீட்டுக் கணினியில் ஓடிக்கொண்டிருந்த படத்தை மருமகன் நிறுத்திவிட்டு எழுந்தான். அதிகாரி கம்பிகளைப் பொருத்திப் பத்திரத்தை ஸ்கேனரில் வைத்தார். விண்ணப்பமில்லை, சிபாரிசில்லை. பத்திரம் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த லோயரம்மா, சட்டத்தரணி றீற்றா, அங்கம்மாவை அழைத்தார். "கிடைச்சிட்டுது அம்மா. நல்ல தெளிவா இருக்கு. பயப்படாதேங்கோ, கோட்டுக்கு இது காணும், வேற ஒண்டும் தேவையில்லை."

அங்கம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"இது போக எம்புட்டு நேரமாச்சுங்கய்யா?"

"ரெண்டு நிமிசம்," என்றார் விவேகானந்தன். படிவத்தையும் பட்டியலையும் எடுத்துக் குறுக்கே கோடு கிழித்தார்.

அங்கம்மா கறுப்பையாவைப் பார்த்தாள். "ரெண்டு நிமிச வேலைங்க தலைவரே. அதுக்கு ஒன்றரை வருசமா எங்களைப் பயங்காட்டி வச்சிருந்தீங்க."

பிறகு அதிகாரியிடம் திரும்பினாள்.

"நீங்களும் இனிமே கம்பி வந்துச்சு, பொட்டி வந்துச்சுன்னு எழுதாதீங்கய்யா. எங்க சனம் அதுல உக்காந்து தன் வேலையத் தானே செஞ்சுக்கிட்ட அன்னைக்கு, தோட்டத்துக்கு வசதி வந்துச்சுன்னு எழுதுங்க. அதுவரைக்கும் வந்தது உங்களுக்குத்தான், எங்களுக்கில்ல."