பீங்கான் குண்டு

குண்டு எறிதல் போட்டிக்குச் சரியாக இருபத்தாறு மணி நேரம் இருந்தபோது, நீலாவதி அந்தப் பீங்கான் குண்டைக் கம்பெனித் தராசில் வைத்தாள். நான்கு கிலோ காட்ட வேண்டும். ஐந்து காட்டியது. எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். மறுபடியும் ஐந்து.

அன்று காலைதான் மகள் கார்முகில் அதை அவளுடைய சாப்பாட்டுப் பைக்குள் திணித்திருந்தாள்.

"இதக் கொண்டுபோயி கம்பெனியிலயே போட்டுடும்மா. நாலு மாசமா எட்டு மீட்டரத் தாண்ட மாட்டேங்குது. போன வருஷம் மூணாவதா வந்தவளே ஒம்போது மீட்டரு. நான் பேர வாபஸ் வாங்கிடறேன்."

கார்முகில் கல்லூரியில் கடைசி வருடம். கபடி அணிக்குத் தலைவி. கைப்பந்தில் அவள் எகிறி அடித்தால் எதிரணிப் பெண்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். பல்கலைக்கழகத்தின் சிறந்த வீராங்கனை கோப்பைக்கு மூன்று விளையாட்டுகளில் புள்ளி வேண்டும். இரண்டில் வாங்கிவிட்டாள். தடகளம்தான் பாக்கி. நானூறு மீட்டரில் நான்காவதாக வந்து கோட்டை விட்டாள். இனி குண்டு ஒன்றுதான். அதில் முதல் மூன்று இடங்களுக்குள் வர வேண்டும்.

கல்லூரியின் ஒரே இரும்புக் குண்டு, அவள் சேருவதற்கு முன்பே கிணற்றுக்குள் போய்விட்டது. அதனால்தான் மின்கம்பத்துப் பீங்கான் செய்யும் தன் கம்பெனியில் நீலாவதி ஒரு குண்டு செய்து வாங்கினாள்.

அச்சு வேலை பார்க்கும் தேவநாதனிடம் போனாள்.

"அண்ணே, நான் எத்தினி கிலோ கேட்டேன்?"

"அஞ்சு கேட்ட."

"அது பச்ச மண்ணுல அஞ்சுண்ணே. காஞ்சு வெந்து வந்தா நாலு நிக்கும்னு சேத்துத்தான் சொன்னேன்."

"அடப்பாவமே! வெந்து அஞ்சு நிக்கணும்னு நான் ஆறேகால் புடிச்சேன்."

சூளையில் போகிற பங்கை இங்கே யாரும் மறப்பதில்லை. அந்த முறை இரண்டு பேருமே மறக்கவில்லை.

"புள்ள கிட்ட சொல்லிடு."

"சொன்னா கழுத்த நெரிச்சுடுவா."

சாயங்காலம் மகளின் தோளுக்குத் தைலம் தேய்க்கும்போது இரண்டு முறை சொல்ல வாயெடுத்தாள். நான்கு மாத வலிக்கு என்ன பதில் சொல்வது? தவிர, ஒரே ராத்திரியில் கை வேறு எடைக்குப் பழகுமா? பயந்துவிட்டாள்.

"பேரு குடுத்தாச்சு. போயி எறிஞ்சிட்டு வந்துடு. நானும் வரேன்."

"நீயா? கபடி ஃபைனலுக்கே வரல!"

"லீவு போட்டுட்டேன்."

மறுநாள் பஸ் தாமதம். மைதானத்தில் நுழையும்போது பயிற்சி எறிதல் முடிந்துவிட்டது. கார்முகிலின் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஓடிப்போய் அங்கிருந்த இரும்புக் குண்டை எடுத்தாள். எடுத்ததும் புருவம் சுருங்கியது. கழுத்தோரம் வைத்து, திரும்பி, தள்ளினாள்.

குண்டு போனது. போய்க்கொண்டே இருந்தது. அளவு நாடாவோடு நின்றவர் இரண்டு எட்டு பின்னால் ஓடினார்.

"ஒம்போது எழுபத்தாறு!"

கைப்பந்துத் தோழி வளர்மதி விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். "ஏய் கார்மு! எங்கடி ஒளிச்சு வச்சிருந்த இத!"

கார்முகில் மட்டும் சிரிக்கவில்லை. நேராக நடுவரிடம் போனாள்.

"சார், இந்தக் குண்டு வெயிட்டு கம்மி. இந்த த்ரோவ கணக்குல எடுக்காதீங்க."

"என்னம்மா, நல்லா எறிஞ்ச நீயே புகார் சொல்ற?"

தராசு வந்தது. நான்கு கிலோ, ஒரு கிராம் குறையவில்லை.

"அப்ப தராசுதான் சார் தப்பு. நாலு கிலோ எப்படி இருக்கும்னு என் கைக்குத் தெரியும். நாலு மாசமா தூக்கறேன்."

நடுவர் சலித்துக்கொண்டே தாளையும் பேனாவையும் நீட்டினார். "வேணாம்னா எழுதிக் குடு, அடிச்சிடறேன். அடுத்த பொண்ணு நிக்குது."

கார்முகில் பேனாவை வாங்கினாள்.

வேலிக்கு வெளியே உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த நீலாவதி எழுந்தாள். கம்பி வேலியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மைதானமே திரும்பும்படி கத்தினாள்.

"அடியே, எழுதாத! தராசு சரிதான்டி! நம்ம வூட்டுக் குண்டுதான் அஞ்சு கிலோ!"