அளவு போட்டுத் தேடும் பக்கம்

மெஷின் அக்கா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் கிடையாது. யார் வீட்டு வாஷிங் மெஷின் மக்கர் பண்ணினாலும் முதல் போன் அவளுக்குத்தான் போகும். போனை எடுப்பது அவளுடைய மாமியார். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னலோரத்தில் ஒரு நாற்காலி, அதில் மாமியார், மடியில் நோட்டு, காதில் போன். "இன்னைக்கு வர மாட்டா. நாளைக்கும் வர மாட்டா. வியாழக்கிழமை பத்து மணிக்கு வருவா, வீட்ல இருங்க" என்று அவர் சொல்கிற தோரணையில், ஆபரேஷனுக்கு நாள் குறிக்கிற டாக்டர் கூடத் தோற்றுப் போவார்.

அக்காவின் வேலையில் பெரிய தலைவலி ஒன்று உண்டு. பழைய மெஷின்களில் மாடல் எண் ஒட்டிய சீட்டு, தண்ணீர் பட்டுப் பட்டு என்றோ கரைந்து போயிருக்கும். அதனால் அவள் எண்ணைத் தேடிக்கொண்டு நிற்பதில்லை. தண்ணீர் கசியாமல் தடுக்கிற ரப்பர் வளையமான சீல் கெட்டுப்போயிருந்தால், அதைக் கழற்றி, வெர்னியர் அளவுகோலில் பிடித்து, உள்வட்டம், வெளிவட்டம், கனம் என்று மூன்று அளவு எடுப்பாள். உதிரி பாகம் விற்கிற கம்பெனியின் வெப்சைட்டில் மூன்று கட்டங்கள் இருக்கும். அளவுகளைப் போட்டுத் தட்டினால், இன்ன சீல், இத்தனை இருப்பு என்று வந்து நிற்கும். சாம்பல் நிறப் பக்கம். படமும் கிடையாது, பவிசும் கிடையாது. ஆனால் பதினோரு வருஷத்தில் ஒரு நாள் கூட அவளைக் கைவிட்டதில்லை.

இவ்வளவு நன்றாக வேலை செய்கிற ஒன்றை எத்தனை நாள்தான் சும்மா விட்டு வைப்பார்கள்?

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, தெருமுனை சலூன்காரரின் மெஷின் பட்டறையில் வயிறு பிளந்து கிடந்தது. அக்கா சீலை அளந்துவிட்டு வெப்சைட்டைத் திறந்தாள். திரை முழுக்க ஒரு பெண் வெள்ளைத் துண்டைக் கட்டிப்பிடித்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். கீழே, 'உங்கள் இயந்திரத்தின் கதையைச் சொல்லுங்கள்' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே மூன்று பொத்தான்கள்: கசிகிறது, முனகுகிறது, சோர்வாக இருக்கிறது.

"அத்தை, இங்க பாருங்க. மெஷின் சோர்வா இருக்கானு கேக்குது."

"என்னை யாராவது அப்படிக் கேட்டிருக்காங்களா?" என்றார் மாமியார்.

மூன்று கட்டங்களை அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். காணோம். மூலையில் 'தோழி' என்ற பெயரில் ஒரு பொம்மை கையாட்டியது. சரி, இதனிடமாவது கேட்போம் என்று முப்பத்தைந்து, அறுபத்திரண்டு, பத்து என அடித்தாள். 'அருமையான எண்கள்! இது உங்கள் வாடிக்கையாளர் எண்ணா?' என்று கேட்டது தோழி. இல்லை, சீல் அளவு என்று அடித்தாள். தோழி கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, வாசலில் போடுகிற ரப்பர் மிதியடி ஒன்றைக் காட்டியது. நீல நிறத்திலும் கிடைக்குமாம்.

வேறு வழியில்லாமல் படத்தைப் பார்த்து ஒரு சீலுக்கு ஆர்டர் போட்டாள். நாலு நாள் கழித்து வந்தது. அதைச் சலூன்காரரின் மெஷினுக்குள் பொருத்துவது இருக்கட்டும், மெஷினையே அதற்குள் நுழைத்துவிடலாம் போலிருந்தது. இதற்குள் சலூன்காரர் ஆறு தடவை போன் பண்ணிவிட்டார். கடைசித் தடவை, "துண்டெல்லாம் தீந்து போச்சும்மா. இப்ப வீட்டு ஜன்னல் திரையைக் கழட்டிப் போத்தித்தான் முடி வெட்டறேன். பூப்போட்ட திரை. எல்லாரும் சிரிக்கிறாங்க" என்றார்.

மாமியார் நேராகக் கம்பெனிக்குப் போன் போட்டார். நாற்பது நிமிஷம் வீணை வாசித்தார்கள். பிறகு, "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரு குரல் சொல்லிவிட்டு வைத்துவிட்டது. சற்று நேரத்தில் போனுக்கு ஒரு கருத்துப் படிவம் வந்தது. புதிய தளம் எப்படி இருக்கிறது? மகிழ்ச்சி, மிக்க மகிழ்ச்சி, அளவற்ற மகிழ்ச்சி. இந்த மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். மாமியார் மூன்றையும் விட்டுவிட்டு, கடைசியில் இருந்த காலியிடத்தில் பதினேழு வரி எழுதினார். என்ன எழுதினார் என்பதை மருமகளிடம் கூடக் காட்டவில்லை.

அந்தப் பதினேழு வரிகள் வேலை செய்தன. இரண்டே நாளில் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. 'பயனர் உரையாடல்' நடத்தப் போகிறார்களாம், நேரில் வர முடியுமா என்று கேட்டார்கள். அக்கா சலூன்காரர் மெஷினின் கிழிந்த சீல் வளையத்தைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

ஐந்தாவது மாடியில் கண்ணாடி அறை. நாற்காலிக்குப் பதிலாகப் பெரிய பெரிய பஞ்சு மூட்டைகள். அக்கா உட்கார்ந்தாள், மூட்டை அவளை இடுப்பு வரை விழுங்கியது. எதிரே தலைமை வடிவமைப்பாளர். முப்பது வயதிருக்கும். மஞ்சள் ஒட்டுச்சீட்டுக் கட்டைக் கையிலேயே வைத்திருந்தார். பக்கத்துத் திரையில் புது வெப்சைட்டைக் காட்டினார்.

"மேடம், இந்தப் பச்சைப் பொத்தானைப் பாக்கும்போது உங்களுக்குள்ள என்ன உணர்வு வருது?"

"கோவம் வருது, தம்பி."

"அருமை." ஒரு சீட்டில் எழுதிக் கண்ணாடியில் ஒட்டினார். "எந்த மாதிரிக் கோவம்?"

"அளவு போட்டுத் தேடுற பக்கம் எங்க போச்சுங்கிற கோவம்."

"ஓ, அதுவா? எடுத்துட்டோம் மேடம். நூத்துக்கு ரெண்டு பேருதான் அதைப் பயன்படுத்தினாங்க."

"அந்த ரெண்டு பேருதான் தம்பி, மிச்ச தொண்ணூத்தெட்டு பேரோட மெஷினையும் ரிப்பேர் பண்றவங்க."

அவர் நெகிழ்ந்து போனார். உடனே இன்னொரு சீட்டை எடுத்து, 'பழமை மீது ஏக்கம்' என்று எழுதி, முதல் சீட்டுக்குப் பக்கத்தில் ஒட்டினார். போகும்போது கம்பெனி பெயர் பொறித்த தொப்பி ஒன்றையும் கொடுத்தார். மூட்டையிலிருந்து எழுந்திருக்க அவளுக்கு இரண்டு பேர் கை கொடுக்க வேண்டியிருந்தது.

வந்ததுதான் வந்தோம், சீலைக் கையோடு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று தரைத்தளத்துக் கிடங்குக்குப் போனாள். கவுண்டரில் ஒரு மனிதர் மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அக்கா அளவைச் சொன்னாள். அவர் மூன்று தட்டுத் தட்டினார்.

"அஞ்சாவது அலமாரி, மேல் தட்டு. பதினாலு இருக்கு. எத்தனை வேணும்?"

அக்கா எட்டிப் பார்த்தாள். அதே சாம்பல் நிறம். அதே மூன்று கட்டம். தொலைந்துபோன சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"அண்ணே, இது இன்னும் இருக்கா? எடுத்துட்டோம்னு மேல சொன்னாங்களே!"

"உங்களுக்குத்தான் எடுத்தாங்க. எங்களுக்கும் எடுத்துட்டா இந்தக் கிடங்குல எதை எங்கனு தேடுறது?" கிடங்குக்காரர் குரலைத் தாழ்த்தினார். "வெளிய இருந்தும் திறக்கும்மா. பூட்டணும்னு மேல யாருக்கும் தோணலை." அட்டைப்பெட்டியில் ஒரு துண்டைக் கிழித்து முகவரியை எழுதிக் கொடுத்தார். "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க."

அக்கா வாக்கு மாறாதவள். யாரிடமும் சொல்லவில்லை. மாமியாரிடம் மட்டும்தான் சொன்னாள். மாமியாரும் யாரிடமும் சொல்லவில்லை. நோட்டில் நம்பர் இருந்த பதினாறு மெக்கானிக்குகளிடம் மட்டும்தான் சொன்னார்.

சலூன்காரரின் மெஷின் அன்றைக்கே ஓடியது. அடுத்த இரண்டு மாதங்களில் சுற்றுவட்டார மெக்கானிக்குகள் அத்தனை பேரும் சாம்பல் பக்கத்தில் பார்த்து, கிடங்குக்குப் போன் போட்டுச் சாமான் வாங்கத் தொடங்கினார்கள். கம்பெனிக்கு வந்துகொண்டிருந்த புகார்கள் சுத்தமாக நின்றன. விற்பனை ஏறியது. ஐந்தாவது மாடி அதற்கு ஒரே ஒரு காரணத்தைத்தான் கண்டுபிடித்தது.

வடிவமைப்பாளரே போன் பண்ணினார். மாமியார் ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், புது வடிவமைப்புக்கு விருது குடுத்திருக்காங்க! மக்கள் பழகிட்டாங்க. நீங்களும் பழகியிருப்பீங்க, இல்லையா?"

அக்காவுக்குப் பொய் வராது. "தம்பி, உண்மையைச் சொல்லணும்னா..." என்று தொடங்கினாள். மாமியார் அவள் தொடையில் கிள்ளிய கிள்ளில், "ரொம்ப நல்லா இருக்கு. இனிமே ஒண்ணையும் மாத்திடாதீங்க" என்று முடித்தாள்.

"மாத்தாம இருப்போமா? கிடங்குல பழைய பக்கம் ஒண்ணு பரிதாபமா இருக்கு மேடம். அடுத்த மாசம் அதையும் இதே மாதிரி அழகாக்கிடுவோம்!"

மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதிர்த்துப் பேசினால் இன்னொரு மஞ்சள் சீட்டு ஒட்டுவார் என்பது அக்காவுக்குப் புரிந்துவிட்டது. அதனால் குரலில் தேனைக் குழைத்தாள்.

"நல்ல காரியம் தம்பி. ஆனா உங்கள மாதிரி விருது வாங்கினவங்க, ஒரு வாரம் கிடங்குல உக்காந்து பாத்துட்டுத்தானே செய்வாங்க?"

"கள ஆய்வு!" என்றார் அவர், பக்தியோடு.

போனார். உட்கார்ந்தார். முதல் நாள் கிடங்குக்காரர் லீவு போட்டுவிட்டார். வேண்டுமென்றே போட்டதாகத்தான் பிற்பாடு சொன்னார்கள். கவுண்டருக்கு முன்னால் எட்டு மெக்கானிக்குகள் கையில் கிழிந்த சீலோடு நின்றார்கள். வடிவமைப்பாளர் தன்னுடைய விருது வாங்கிய தளத்தைத் திறந்து, "உங்க மெஷின் முனகுதா?" என்று கேட்டார். பதிலுக்கு அவர்கள் கேட்டதை இங்கே எழுத முடியாது. பத்தரை மணிக்கு அவர் சாம்பல் பக்கத்தைத் திறந்தார். சாயங்காலம் வரை மூடவில்லை.

மூன்று வாரம் கழித்து அக்காவுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. வாணவேடிக்கைப் படத்தோடு. 'துறையில் முதன்முறையாக! மாடல் எண்ணே தேவையில்லை! அளவைக் கொடுத்தால் போதும்!' கூடவே வடிவமைப்பாளரின் பேட்டி. இந்த எண்ணம் தனக்கு ஒரு காலைப் பொழுதில் பளிச்சென்று தோன்றியதாகச் சொல்லியிருந்தார்.

"திருடின பொருளையே நமக்குப் பரிசாக் குடுக்கறாங்க" என்றார் மாமியார். "சரி, திறந்து பாரு. கிடைச்சா சரிதான்."

அக்கா திறந்தாள். நல்ல பெரிய கட்டங்கள். உள்வட்டம். வெளிவட்டம். அடுத்தது பச்சைப் பொத்தான்.

"கனம் எங்க அத்தை?"

கீழே பொடி எழுத்தில், 'உங்கள் வசதிக்காக எளிமையாக்கப்பட்டுள்ளது' என்று போட்டிருந்தது. அளவைக் கொடுத்துத் தட்டினாள். ஒன்பது சீல்கள் வந்து நின்றன, கனம் என்னவென்று தெரியாமல், ஒன்றைப் போலவே ஒன்று.

"மூணுல ரெண்டு குடுத்திருக்காங்க" என்றாள் அக்கா.

"பரவாயில்லையே, கெட்டிக்காரப் புள்ளதான்" என்றார் மாமியார். "இன்னொரு நாள் கிடங்குல உக்கார வச்சா மூணாவதையும் கண்டுபிடிச்சிடுவான்." நோட்டைப் புரட்டி, வடிவமைப்பாளரின் நம்பரை விரலால் தேடத் தொடங்கினார்.