பெல்ட் ஆறும் நேரம்

நாலு மணிக்கு அவர் ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிடுவார். அதற்குள் பின்தோட்டம் முழுவதும் உழுதிருக்க வேண்டும். இல்லாவிட்டால் மனிதர் நேராகக் கொட்டகைக்குப் போய் டிராக்டரின் கயிற்றைப் பிடித்து இழுப்பார். இதய ஆபரேஷனுக்காக நெஞ்சைத் திறந்து, எலும்பைக் கம்பி போட்டுக் கட்டி அனுப்புகிறார்கள். மூன்று மாதத்துக்குத் தண்ணீர் வாளியைக்கூடத் தூக்கக் கூடாது, எதையும் வெடுக்கென்று இழுக்கவே கூடாது என்று டாக்டர் இரண்டு முறை சொன்னார். அவரும் சமர்த்தாகத் தலையாட்டினார். டாக்டர் அந்தப் பக்கம் போனதும் மனைவியிடம், "மண்ணு ஈரம் காயறதுக்குள்ள உழுதுடணும். வீட்டுக்குப் போனா ஒரு மணி நேர வேலைதான்" என்றார்.

மற்ற விஷயத்தில் எப்படியோ, தோட்ட விஷயத்தில் அவர் சொன்னால் சொன்னதுதான். வருகிறேன் என்ற கூலியாள் வரவில்லை, போனையும் எடுக்கவில்லை. ஆகவே மதியம் ஒன்றரை மணிக்கு, கணவரின் பழைய சட்டையை மாட்டிக்கொண்டு அவளே கொட்டகைக் கதவைத் திறந்தாள்.

அந்தச் சின்ன டிராக்டர் அவர்கள் கல்யாணத்தைவிட மூத்தது. பெயின்ட் உரிந்து, ஒரு விளக்கு குருடாகி, சீட்டில் சாக்கு சுற்றிக் கிடந்தது. பின்னால் மண்ணைக் கிளறும் டில்லர், வளைந்த இரும்புப் பற்களோடு; இன்ஜினிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுழற்றும். பேட்டரி செத்துப் பல காலம் ஆயிற்று. கயிற்றைச் சுற்றி இழுத்தால்தான் கிளம்பும். அவள் இதுவரை அதன் மேல் உட்கார்ந்ததுகூட இல்லை. ஆனால் இருபத்திரண்டு வருஷமாக, பாத்திரம் தேய்த்தபடி சமையலறை ஜன்னல் வழியாக அவர் ஓட்டுவதைப் பார்த்திருக்கிறாள். எந்தக் கை எந்த லீவருக்குப் போகும், எப்போது கிளட்சிலிருந்து காலை எடுப்பார் என்பதெல்லாம் மனப்பாடம். பார்த்தே கற்றுக்கொண்ட வித்தை, அதை நம்பித்தான் இறங்கினாள்.

கயிறு லேசில் மசியவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது. இதையா அந்த நெஞ்சோடு இழுப்பார் என்று நினைத்து இன்னும் பலமாக இழுத்தாள். பதினோராவது இழுப்பில் இன்ஜின் இருமி, கறுப்பாகப் புகை கக்கி, கிளம்பியது.

டில்லரை இறக்கியதும் வண்டி ஒரு துள்ளு துள்ளியது. அவள் வாய்விட்டுக் கத்திவிட்டாள். ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்த விரல்கள் மரத்துப்போயின. சுவரில் மோதிவிடுவேனோ, தண்ணீர்க் குழாயை உடைத்துவிடுவேனோ, கவிழ்ந்து இதன் அடியிலேயே கிடப்பேனோ என்று பயந்துகொண்டே போனாள். முதல் வரிசை வந்து முடிந்தபோது கோணலும் மாணலுமாக இருந்தது. இருந்தால் என்ன, மண் புரண்டிருந்தது.

வரிசை முடிந்ததும் அவர் செய்வதையே செய்தாள். டில்லரைத் தூக்கி, நியூட்ரலில் போட்டு, கீழே இறங்கி, இடது கையால் பின்சக்கர மட்கார்டைப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து நின்றாள். மெதுவாக அறுபது வரை எண்ணினாள். ஒருமுறை ஜன்னலிலிருந்து, "எதுக்குங்க ஒவ்வொரு தடவையும் அங்கேயே நிக்கிறீங்க?" என்று கேட்டிருக்கிறாள். "பெல்ட் ஆற வேண்டாமா?" என்று திரும்பிப் பார்க்காமலே பதில் சொன்னார். அவளும் சரிதான் என்று பாத்திரத்துக்குத் திரும்பிவிட்டாள்.

பதினாலு வரிசை. ஆறு முடிந்தபோது போன் அடித்தது. மகள்.

"அம்மா, சீக்கிரமே விட்டுட்டாங்க. கிளம்பிட்டோம். மூணரைக்கெல்லாம் வந்துடுவோம்."

"எதுக்குடி இவ்ளோ அவசரம்?"

"அப்பாதான் பறக்கறார். தோட்டம், தோட்டம்னு ஒரே பாட்டு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டு ஐம்பது. இன்னும் எட்டு வரிசை. நிற்கிற நேரத்தைக் குறைத்தால் முடித்துவிடலாம், ஆனால் பாதியில் பெல்ட் அறுந்தால் எல்லாம் பாழ். வழக்கமாக வண்டியைப் பழுது பார்க்கும் மெக்கானிக்கைக் கூப்பிட்டாள்.

"தம்பி, டில்லர் பெல்ட்டை ஆறவிடாம ஓட்டினா அறுந்துடுமா?"

"நீங்களா ஓட்டறீங்க அண்ணி?" என்று சிரித்தான் அவன். "அதெல்லாம் ஆறவிடவே வேண்டாம். காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் நிறுத்தாம ஓட்டலாம். யார் சொன்னது உங்களுக்கு?"

"உங்க அண்ணன் அப்படித்தான் ஓட்டுவார். ஒவ்வொரு வரிசைக்கும் இறங்கி நிப்பார்."

அந்தப் பக்கம் சிரிப்பு நின்றுவிட்டது. "பெல்ட்டுக்காக இருக்காது அண்ணி" என்றான்.

போனை வைத்த பிறகும் அவள் அங்கேயே நின்றாள். இடது கை மட்கார்டின் மேல் இருந்தது. கையை எடுத்துப் பார்த்தாள். அந்த இடத்தில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் தேய்ந்து இரும்பு பளபளத்தது. அப்படியானால் அவருடைய வலது கை எங்கே இருக்கும்? இடது நெஞ்சின் மேல் சட்டைப் பையில். ஏதோ தேடுகிறார் என்று நினைத்திருந்தாள். அவர் எதையும் தேடவில்லை. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார், பத்தடி தூரத்தில், அவள் கண்ணெதிரே. அவள் கரண்டி தேய்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மேல் வந்த கோபத்தைவிடத் தன் மேல் வந்த கோபம்தான் பெரிதாக இருந்தது. ஏறி உட்கார்ந்தாள். எட்டு வரிசையையும் ஒரே மூச்சில் ஓட்டினாள். கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழியவில்லை. "பெல்ட்டாம் பெல்ட்டு" என்று வாய் மட்டும் திட்டிக்கொண்டே இருந்தது.

இன்ஜினை அணைக்கும்போது வாசலில் கார் நின்றது. அவர் மகளின் தோளைப் பிடித்துக்கொண்டு, வீட்டுக்குள் போகாமல் நேராகத் தோட்டத்துக்கே வந்தார். சட்டைக்குள் நெஞ்சில் கட்டு புடைத்துத் தெரிந்தது. ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை மண்ணைப் பார்த்தார்.

"நீயா?"

"நான்தான்."

வரிசைகளின் முனையைப் பார்த்தார். மண்ணைப் படிக்கத் தெரிந்தவர். "முதல் ஆறு வரிசைக்கு இறங்கி நின்னிருக்க. காலடி இருக்கு. எதுக்கு?"

"பெல்ட் ஆற வேண்டாமா?" என்றாள்.

அவர் பார்வை மெல்ல நகர்ந்து மட்கார்டில் தேய்ந்த இடத்துக்குப் போய் நின்றது.

"எத்தனை நாளா?" என்று கேட்டாள்.

"ரெண்டு வருஷமா" என்றார், மண்ணைப் பார்த்தபடி.

"என்னப்பா ரெண்டு வருஷம்?" என்றாள் மகள். இருவரும் அவளைக் கவனிக்கவில்லை.

மனைவி டிராக்டரின் கயிற்றை மடித்துச் சட்டைப் பைக்குள் திணித்துக்கொண்டு, அவருடைய இடது கையை எடுத்துத் தன் தோளில் வைத்தாள். "வலிச்சா வலிக்குதுன்னு சொல்லுங்க. வாயில்லாத மெஷின் மேல பழி போடாதீங்க" என்றாள்.

அவர் அவள் தோளில் மெல்ல பாரத்தைச் சாய்த்தார். பிறகு, "இப்பக்கூடக் கொஞ்சம் வலிக்குது" என்றார்.