நாலு கதவிலும் சூயுன்ச்சு

நாரின் ஊரில் மகள் அய்பெரிக்குக் காலையிலேயே பிரசவ வலி எடுத்துவிட்டது. பிஷ்கேக் கார் பஜாரில் டாக்ஸிக்காரி மைரம்கானுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

நாரின் போக மலையேறி இறங்க வேண்டும். டாக்ஸி ஓட்டும்போது அவள் போனைத் தொடமாட்டாள். குழந்தை பிறந்த செய்தி மடியில் மணியடித்து மடியிலேயே அடங்கிப்போகும். போனைக் காரின் ஸ்டீரியோவோடு இணைத்த பிறகுதான் கிளம்புவது என்று நின்றாள்.

மெக்கானிக் எல்தோஸ் புதிய சீனத் திரை ஒன்றைக் காட்டினான். வேண்டாம் என்றாள். ஜப்பானிலிருந்து காரோடு வந்த ஸ்டீரியோ. ஊரே இடப்பக்க ஸ்டியரிங்கில் ஓட்ட, வலப்பக்க ஸ்டியரிங்கையே மாற்றாதவள் அதையா மாற்றுவாள்?

எல்தோஸ் சிரித்தான். பழைய ஸ்டீரியோவின் முதுகில் ஒரு சொருகுதுளை சும்மாதான் கிடக்கும், அதில் சின்ன புளூடூத் பெட்டி ஒன்றை மாட்டினால் போதும், காரே பேசும் என்றான். பேட்டரிக் கம்பியைக் கழற்றினான். ஸ்டீரியோவை வெளியே இழுத்துப் பெட்டியை மாட்டினான். கம்பியைத் திரும்பப் பூட்டினான்.

திரையில் ஜப்பானிய எழுத்துகள் வந்து நின்றன. அந்தக் கடை வரிசையில் யாருக்கும் ஜப்பானிய மொழி தெரியாது. ஆனாலும் அது என்ன கேட்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பேட்டரி போனால் பூட்டிக்கொண்டு கடவு எண் கேட்கும் ரகம்.

"அக்கா, நம்பர் தெரியுமா?"

"ஜப்பான்காரன் காரத்தான் அனுப்பினான், நம்பர அனுப்பல. இத கழட்டுறதுக்கு முன்னாடி கேக்க மாட்டியாடா?"

எல்தோஸ் கை வைத்தால் கார் ஊமையாகும் என்று டயர்க்கடை சுல்புகார் பக்கத்திலிருந்து கிண்டலடித்தான். எல்தோஸ் காது சிவந்தது. திரையைப் படம்பிடித்து, ஓஷ் நகரத்தில் இந்தப் பூட்டுகளைத் திறக்கும் நண்பனுக்கு அனுப்பினான். காத்திருந்தார்கள். மருமகன் அழைத்து, அய்பெரியைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோய்விட்டார்கள் என்றான். மைரம்கான் காரைச் சுற்றிச்சுற்றி நடந்தாள்.

எண் வந்தது. தப்பாக அழுத்தினால் மறுபடி பூட்டிக்கொள்ளும். எல்தோஸ் விரலைச் சட்டையில் துடைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழுத்தினான். ஸ்டீரியோவுக்குள்ளிருந்து ஒரு ஜப்பானியப் பெண் பணிவாக ஏதோ சொன்னாள். சுல்புகார்கூடக் கைதட்டினான்.

போனை இணைத்து, ஒலி வருகிறதா என்று பார்க்க முழுச் சத்தத்தில் வைத்தான். அப்போதே மணியடித்தது. நாலு கதவிலும் இருந்த ஸ்பீக்கர்கள் அதிர்ந்தன. மைரம்கான் இருக்கையில் பாய்ந்து உட்கார்ந்தாள். எல்தோஸ் பொத்தானை அழுத்த, அய்பெரியின் மாமியார் குரல் வெடித்தது.

"சூயுன்ச்சு! சம்பந்தியம்மா, சூயுன்ச்சு! பையன் பொறந்திருக்கான்!"

அந்த ஊர் வழக்கத்தில் நல்ல செய்தியை முதலில் சொல்பவர் அப்படித்தான் கூவுவார். கேட்டவர் சூயுன்ச்சு என்று பரிசு கொடுத்தே ஆக வேண்டும். செய்தியை இப்போது வரிசை முழுவதும் கேட்டுவிட்டது. கடைகளிலிருந்து ஆட்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு ஜன்னலில் தலையை நீட்டி சூயுன்ச்சு கேட்டார்கள்.

"பொட்டிய மாட்டினது நான். பரிசு எனக்குத்தான் அக்கா," என்றான் எல்தோஸ்.

"யாருடா அவன்?" என்றன நாலு கதவும். "தொண்டை கிழியக் கத்தினது நானு. பரிசு அவனுக்கா?"

மைரம்கான் அழுதுகொண்டே சிரித்தாள். நாரினிலிருந்து திரும்பும்போது எல்லோருக்கும் தருவதாகச் சத்தியம் செய்தாள். பிறகு டாஷ்போர்டைப் பார்த்துப் பேசினாள்.

"அய்பெரி எப்படி இருக்கா?"

"நல்லா இருக்கா. பசிக்குதுன்னு என்னையே வெரட்டுறா."

"பேரன் வாய்கிட்ட போன வைங்க."

கொஞ்சம் கரகரப்பு. பிறகு கிளம்பியது அழுகை. பின்சீட்டு ஜன்னலில் தலை நீட்டியிருந்தவன் காதைப் பொத்திக்கொண்டான். சத்தத்தைக் குறைக்க எல்தோஸ் கையை நீட்டினான். அவள் அந்தக் கையைத் தட்டிவிட்டாள்.

"வச்சிராதீங்க சம்பந்தி. நான் கெளம்பிட்டேன்."

இரண்டு கைகளாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டாள். கூட்டம் விலகி வழிவிட்டது. நாலு கதவிலும் பேரன் அழ, கார் பஜாரைவிட்டு வெளியேறி நாரின் சாலையில் ஏறியது.