முதல் ஐந்து விநாடி

"பாட்டு நல்லாத்தான்டா இருக்கு" என்றான் அண்ணன் முத்திருளன், போனில்.

காசிமாயன் ராப் பாடுவதை இரண்டு வருஷமாக வாய்க்கொழுப்பு என்று சொல்லிவந்தவன் முத்திருளன். பாராட்டுவதற்காக உசிலம்பட்டியிலிருந்து கூப்பிடுகிற ஆள் இல்லை.

"டீக்கடையில அம்புட்டுப் பயலும் அதைத்தான் கேக்குறாய்ங்க. எடுத்த எடுப்புல சொல்றியே, வில்லாபுரம், தண்ணித்தொட்டித் தெரு, டோனி பீட்டுன்னு. அந்த டோனிதானடா?"

"தறிச் சத்தத்துல ஒண்ணும் கேக்கலண்ணே" என்றான் காசிமாயன்.

"சரி, வாரோம்" என்று முத்திருளன் போனை வைத்தான்.

ராப் பாடுகிறவர்களிடம் ஒரு பழக்கம் உண்டு. பாட்டுக்கு முன்னால் ஏரியா பெயரையும், இசை போட்டுக் கொடுத்தவன் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் முதல் வரிக்குப் போவார்கள். யாரும் கற்றுக்கொடுப்பதில்லை. சொல்லாவிட்டால் மரியாதை இல்லை. காசிமாயன் பதினோரு பாட்டிலும் அப்படித்தான் சொன்னான். ஒவ்வொன்றையும் முந்நூறு பேர் கேட்டார்கள். ஒரு ஆபத்தும் வரவில்லை. பன்னிரண்டாவது பாட்டை ஒன்பது நாளில் மூன்று லட்சம் பேர் கேட்டுவிட்டார்கள்.

அதில் அண்ணனும் ஒருவன்.

அக்கா முனீஸ்வரி டோனியைக் கட்டிக்கொண்டு வீட்டைவிட்டுப் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. வேற சாதி, வேற மதம். கண்டுபிடித்தால் என்ன செய்வேன் என்று முத்திருளன் பந்தியில் உட்கார்ந்து பத்துப் பேர் கேட்கச் சொல்லியிருக்கிறான். அவர்கள் இருக்கும் இடம் குடும்பத்தில் காசிமாயன் ஒருவனுக்குத்தான் தெரியும். அந்த வீட்டில்தான் அவன் பாட்டெல்லாம் பதிவாகிறது.

தான் வேலை பார்க்கும் செல்லூர் விசைத்தறிக் கூடத்தில் ஓடிக்கொண்டிருந்த தறியை அப்படியே விட்டுவிட்டு பைக்கை எடுத்தான். உசிலம்பட்டியிலிருந்து வர ஒரு மணி நேரம். இவனுக்கு அரை மணி. வழியில் மூன்று தடவை அக்காவுக்குப் போன் அடித்தான். எடுக்கவில்லை.

ஆற்றுப் பாலத்தில் வண்டிகள் நகரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. பாட்டை நீக்கிவிட வேண்டும் என்பது அப்போதே தோன்றியது. போனை வெளியே எடுக்கவும் செய்தான். திரையில் பாட்டைக் கேட்டவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. சென்னையில் நடக்கும் பெரிய நிகழ்ச்சிக்கு மாவட்டத்துக்கு ஒருவரை எடுக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் யார் பாட்டு முன்னால் நிற்கிறதோ அவருக்கு மேடை. மதுரையில் இவன்தான் முன்னால். இன்று வெள்ளி.

போனைச் சட்டைப் பைக்குள் போட்டான்.

அக்கா தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். டோனி காதில் ஹெட்போனோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். சத்தம் வெளியே போகாமலிருக்கச் சுவர் முழுக்கப் பழைய மெத்தைகள்.

"அண்ணன் வாரான்" என்றான் காசிமாயன்.

அக்கா கத்தியைக் கீழே வைத்தாள். எப்படித் தெரிந்தது என்று அவள் கேட்டதும் சொன்னான்.

"எம்புட்டு நேரம் இருக்கு மாப்ள?" என்றான் டோனி, ஹெட்போனைக் கழற்றிவிட்டு.

"அரை மணி. அதுக்கும் கம்மி."

டோனி கம்ப்யூட்டரின் ஒயர்களைப் பிடுங்க ஆரம்பித்தான். அக்கா பீரோவைத் திறந்து துணிகளைச் சாக்கில் திணித்தாள். திணித்துக்கொண்டே கேட்டாள்:

"பாட்டை எடுத்துட்டியாடா?"

"இல்ல."

"ஏன்?"

"நீங்க வீடு மாறிட்டா அது கெடந்துட்டுப் போகுதுன்னு... ஞாயித்துக்கிழம வரைக்கும்தான்க்கா."

டோனி பிடுங்கிய ஒயரைக் கையில் சுற்றிக்கொண்டே திரும்பினான்.

"மாப்ள, அந்த பீட்டுக்குப் பதினாறு நாள் ஒக்காந்தேன். எனக்கும் ஆசை இருக்கு" என்றான் டோனி. கோபமாகச் சொல்லவில்லை.

அக்கா திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் துணியை மடிக்காமலே திணித்துக்கொண்டிருந்தாள். காசிமாயன் போனை எடுத்தான். நிரந்தரமாக நீக்கவா என்று கேட்டது. அழுத்தினான். மூன்று லட்சத்துப் பன்னிரண்டாயிரம் காணாமல் போனது.

"வேற ஆளுக போட்டிருக்கிறது?" என்றாள் அக்கா.

நூற்றுக்கணக்கில் சின்னச் சின்ன வீடியோ போட்டிருந்தார்கள். எல்லாவற்றிலும் அந்த முதல் ஐந்து விநாடிதான். கேட்க நன்றாக இருக்கிறதாம்.

டோனி கூப்பிட்ட ஆட்டோ வந்தது. கம்ப்யூட்டர், இரண்டு சாக்கு, குக்கர். அவரைக்காய் தரையிலேயே கிடந்தது.

"எங்கக்கா போறீங்க?"

"ஒனக்குச் சொல்ல மாட்டேன்."

"நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்க்கா."

"சொல்ல மாட்டே. பாடிருவே."

டோனி ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவள் அவன் முழங்கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். ஆட்டோ திரும்பிய பிறகும் காசிமாயன் அதே இடத்தில் நின்றான்.

பத்து நிமிஷத்தில் இரண்டு பைக்குகள் வந்தன. முத்திருளனோடு மூன்று பேர். அவன் திறந்துகிடந்த வீட்டுக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

"எங்கடா?"

"தெரியாதுண்ணே."

அறை விழுந்தது. உதடு கிழிந்து ரத்தம் உப்பாகக் கரித்தது.

"தெரியாதுண்ணே" என்றான் மறுபடியும்.

முத்திருளன் அவன் முகத்தை நிதானமாகப் பார்த்தான். பிறகு தோளில் கை போட்டான். சொந்த அண்ணனின் கனமான கை.

"பரவால்ல. நீ பாடுறத விடாதடா" என்றான். "அடுத்த பாட்டு எப்ப வருது? கேக்கக் காத்துக்கெடக்கோம்."